கட்டிலுக்கு அடியில் குனிந்து பாருங்கள்

மருத்துவ மேற்படிப்புக் கவுன்சிலிங் தேதி அறிவித்துவிட்டால் போதும், என் போனுக்கு ஓய்வு கிடையாது. "மேடம், நான் உங்ககிட்ட ஹவுஸ் சர்ஜனா இருந்தேன், ஞாபகம் இருக்கா?" என்று ஆரம்பிப்பீர்கள். ஞாபகம் இல்லாவிட்டாலும் இருக்கிறது என்பேன். அடுத்து ஒரு கல்லூரியின் பெயரைச் சொல்லி, "அங்க ஓ.ஜி. எப்படி மேடம்? சேரலாமா?" என்பீர்கள். மகப்பேறு மருத்துவத்தை நாம் ஓ.ஜி. என்றுதானே சொல்கிறோம். நான் மழுப்புவேன். "நீயே போய்ப் பாரும்மா" என்பேன். போனை வைத்ததும் மேடத்துக்குத் திமிர் என்று உங்களுக்குள் பேசிக்கொள்வதும் என் காதுக்கு வந்திருக்கிறது. திமிரெல்லாம் ரிட்டயர் ஆன அன்றே போய்விட்டது. இப்போது இருப்பது பயம். ஒரு பெண்ணிடம் ஒருமுறை "சேரலாம்" என்று சொன்னேன். அந்த ஒரு வார்த்தையால் என்ன நடந்தது என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

அதற்கு முன்பு உங்களைக் கொஞ்சம் திட்டிக்கொள்கிறேன். நீங்கள் கேட்கிற கேள்விகள் எனக்கு எரிச்சலைத் தருகின்றன. ஹாஸ்டலில் ஏ.சி. உண்டா? ஞாயிறு லீவு கிடைக்குமா? டூட்டி லைட்டா இருக்குமா? டூட்டி லைட்டாக இருக்கிற இடத்தில் பிரசவம் பார்க்க எப்படிக் கற்றுக்கொள்வீர்கள் என்று திருப்பிக் கேட்டால், பழைய ஆள் அப்படித்தான் பேசுவார் என்று சிரிப்பு. அதற்காக, கஷ்டப்பட்டால் எல்லாம் வந்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. அரசுக் கல்லூரியிலேயே ஒரு யூனிட்டை எனக்குத் தெரியும். அங்கே பி.ஜி.யாகச் சேர்ந்த ஒரு பையன் மூன்று வருஷமும் ரத்தக் குப்பிகளைத் தூக்கிக்கொண்டு லேபுக்கும் வார்டுக்கும் ஓடினான். அவனுக்கு நல்ல நடை வந்தது, கை வரவில்லை.

நான் பி.ஜி. படித்தபோது எங்கள் யூனிட் சீஃப் ஒரு பொல்லாத அம்மா. அவர் வருகிற சத்தம் கேட்டால் சிஸ்டர்களே தொப்பியைச் சரிசெய்துகொள்வார்கள். நான் தனியாகச் செய்த முதல் கஷ்டமான சிசேரியனில் ரத்தம் குபுகுபுவென்று வந்தது. அவர் கத்தியைப் பிடுங்கிக்கொள்வார் என்று நம்பி அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கையுறை போட்ட இரண்டு கைகளையும் நெஞ்சோடு கட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன பாக்குற? என் மூஞ்சியிலயா ரத்தம் வருது? கீழ பாரு" என்றார்.

கீழே பார்த்தேன். எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தது. தைத்து முடிக்கும்வரை அவர் அந்தக் கைகளை அவிழ்க்கவும் இல்லை, அந்த இடத்தைவிட்டு நகரவும் இல்லை. அன்று அவரை வாய்க்குள் திட்டிக்கொண்டே தைத்தேன். ஒரு கல்லூரியில் சேருவதற்கு முன்பு கண்டுபிடிக்க வேண்டியது இந்த ஒன்றைத்தான்: அங்கே உங்கள் கையில் கத்தியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்பதற்கு ஆள் இருக்கிறாரா? எனக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும் கோட்டைவிட்டேன்.

இலக்கியா என்னிடம் ஹவுஸ் சர்ஜனாக இருந்தவள். மன்னார்குடிப் பக்கத்து கிராமம். அப்பா குத்தகைக்கு நிலம் எடுத்துச் சாகுபடி செய்கிறவர். அண்ணன் சிங்கப்பூரில் வேலை. நெட்டையாக, கொஞ்சம் கூன் போட்டு நடப்பாள். அதிகம் பேசமாட்டாள். ஆனால் கை! என் சர்வீஸில் அப்படி ஒரு கையை இன்னொரு ஹவுஸ் சர்ஜனிடம் நான் பார்த்ததில்லை. கிழிந்த இடத்தைத் தைக்கச் சொன்னால் அவள் தைத்து முடித்தபிறகுதான் படுத்திருக்கும் பெண்ணுக்கே தெரியும். லேபர் வார்டில் கத்திக்கொண்டிருக்கிற பெண்கள், "அந்த நெட்டப் பொண்ணக் கூப்புடுங்க" என்று கேட்பார்கள்.

நான் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் கழித்து அவளும் அவள் அப்பாவும் கும்பகோணத்தில் என் வீட்டுக்கு வந்தார்கள். அவள் வாங்கிய மார்க்குக்கு இரண்டு இடம் கிடைக்கும் நிலை. ஒன்று, வடக்கே ஒரு கோடியில் இருக்கும் அரசுக் கல்லூரி, கூட்டம் நெரியும் ஆஸ்பத்திரி. இன்னொன்று, நம் பக்கத்திலேயே ஒரு தனியார் கல்லூரி, வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். அரசு ஒதுக்கீட்டு இடம் என்பதால் செலவு ஒரு பிரச்சினை இல்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லாததால் அவளுக்குப் பக்கத்திலேயே இருக்க ஆசை. ஆனால் படிப்பு எப்படி இருக்குமோ என்று சந்தேகம்.

அவள் அப்பா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். "நான் ஒரு வயலக் குத்தகைக்கு எடுக்குறதுன்னா, வாய்க்கால்ல தண்ணி எத்தன நாளு வருதுன்னு பக்கத்து வயக்காரங்ககிட்டதாங்க கேப்பேன். நெலத்துக்குச் சொந்தக்காரரக் கேட்டா, அவரு வருஷம் பூரா தண்ணிம்பாரு. ஆனா இது படிப்பு விஷயம், எனக்கு என்னாங்க தெரியும். நீங்க ஒரு தடவ போய்ப் பாத்துட்டு ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னா சரிங்க" என்றார்.

அவர் எனக்குப் பாடமே நடத்திவிட்டுப் போயிருக்கிறார். நான்தான் அதைப் பேச்சுக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன். அவர் போனதும் நேராக நிலத்துக்குச் சொந்தக்காரருக்கே போன் போட்டேன்.

அந்தக் கல்லூரியில் ஓ.ஜி. துறைத் தலைவி முன்பு என்னிடம் அசிஸ்டென்ட்டாக இருந்தவர். குரலில் தேன். "மேடம், நீங்க வர்றதுக்கு நாங்க குடுத்து வெச்சிருக்கணும். வியாழக்கிழமை வாங்களேன், அன்னைக்கு எல்லாரும் இருப்பாங்க" என்றார். ஒரு ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமை மட்டும் ஏன் எல்லாரும் இருக்கவேண்டும் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. ஒருவர் வீட்டுக்குப் போவதாக இருந்தால் சொல்லிவிட்டுப் போவதுதானே மரியாதை. அந்த மரியாதையோடு போனேன்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் அரசு ஆஸ்பத்திரியில் இருந்தவள் என்பதை மறந்துவிடாதீர்கள். ஒரு கட்டிலில் இரண்டு பேர், தரையில் பாய் போட்டு நான்கு பேர், குறுக்கே ஓடும் பூனை, அடைத்துக்கொண்ட கழிவறை, இதெல்லாம்தான் எனக்கு வார்டு. அங்கே போய்ப் பார்த்தால் ஒரு கட்டிலுக்கு ஒரு பெண். வெள்ளை விரிப்பு. ஒவ்வொரு கட்டிலின் காலடியிலும் அழகான கையெழுத்தில் கேஸ் ஷீட். லேபர் வார்டுத் தரையில் முகம் பார்க்கலாம். அசிஸ்டென்ட்கள், அசோசியேட்டுகள், பேராசிரியர்கள் எல்லாரும் இஸ்திரி போட்ட வெள்ளைக் கோட்டில் வரிசையாக நின்று வணக்கம் சொன்னார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இப்படி ஒரு இடத்தில் வேலை பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லையே என்று வாய்விட்டே சொன்னேன்.

"இவ்வளவு சுத்தமா வெச்சிருக்கீங்களே!" என்று பாராட்டினேன். தலைவி தலையைக் குனிந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை அடக்கம் என்று நினைத்தேன்.

வார்டில் ஒரு பெண் என் புடவை முந்தானையைப் பிடித்து இழுத்தாள். தலையில் வாடாத மல்லிகைப் பூ. "டாக்டரம்மா, பஸ்ஸு எத்தன மணிக்குக் கெளம்பும்? மாடு கறக்கணும்" என்றாள். டிஸ்சார்ஜ் ஆகப்போகிறவள் போலிருக்கிறது என்று நினைத்து, "சீக்கிரம் விட்டுடுவாங்கம்மா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். ஆமாம், நானேதான் அப்படிச் சொன்னேன்.

இன்று கண்ணை மூடினால் அந்த வார்டு அப்படியே தெரிகிறது. குழந்தை பெற்றவர்கள் வார்டில் ஒரு குழந்தைகூட அழவில்லை. லேபர் வார்டு சிஸ்டர்களுக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருக்கவில்லை. முக்கியமாக, கட்டில்களுக்கு அடியில் ஒன்றுமே இல்லை. நம் ஊரில் ஒரு பெண் ஆஸ்பத்திரியில் படுத்தால் கட்டிலுக்கு அடியில் ஒரு வயர் கூடை இருக்கும், பிளாஸ்க் இருக்கும், தட்டும் டம்ளரும் இருக்கும், துணைக்கு வந்தவள் படுக்கச் சுருட்டிய பாய் இருக்கும். அந்த இருபது முப்பது கட்டில்களுக்கு அடியில் பெருக்கிய தரை மட்டும் பளபளவென்று இருந்தது. அதையும் சுத்தம் என்றுதான் கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, நோயாளிகளும் டாக்டர்களும் போதிய அளவு இருக்கிறார்களா என்று பார்க்க அந்தக் கல்லூரிக்கு இன்ஸ்பெக்‌ஷன். நான் பார்த்தது அதற்கான ஒத்திகை. இது எனக்கு எப்போது தெரிந்தது என்று பிறகு சொல்கிறேன்.

அன்று சாயங்காலமே இலக்கியாவைக் கூப்பிட்டு, "தாராளமா சேரலாம்மா. நல்ல இடம்" என்றேன். அவள் அப்பா போனை வாங்கி, "ரொம்ப சந்தோஷங்க" என்றார்.

முதல் வருஷம் அவள் அடிக்கடி பேசுவாள். இரண்டாம் வருஷம் குறைந்தது. ஒரு நாள் கூப்பிட்டு, "மேடம், இந்த மாசம் நான் ஒரு சிசேரியன்கூடப் பண்ணல" என்றாள்.

"அசிஸ்ட் பண்ணியிருப்பல்ல?"

"கேஸே இல்ல மேடம். வர்ற ஒண்ணு ரெண்டும் தெரிஞ்சவங்க, எங்க ஹெச்.ஓ.டி. மேடம்தான் பண்ணுவாங்க. அதுல என்னைக் கிட்ட விடமாட்டாங்க."

"அப்ப நாள் பூரா என்னதான் பண்ற?"

"எழுத்து வேல நெறைய இருக்கு மேடம்" என்றாள்.

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பொறுமையா இரும்மா, ஃபைனல் இயர்ல எல்லாம் கிடைச்சுடும்." நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்த இடம் மோசம் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. இடையில் விட்டுவிட்டால் மறுபடி நுழைவுத் தேர்வு எழுத முடியாமல் தடை, அபராதம் என்று ஆயிரம் சிக்கல் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் வேறு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆறு மாதம் பயிற்சிக்கு அனுப்பச் சொல்லி நான் சண்டை போட்டிருக்கலாம். எனக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். ஒரு போன்கூடச் செய்யவில்லை.

ஃபைனல் இயரும் முடிந்தது. பாஸ் பண்ணினாள். மார்க்கெல்லாம் நல்ல மார்க். எங்கள் மாவட்டத்திலேயே ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில் தற்காலிகப் பணியில் சேர்ந்தாள். எனக்கு ஸ்வீட் பாக்ஸ் கொண்டுவந்து கொடுத்துக் காலைத் தொட்டாள். நானும் பெருமையாக ஆசீர்வாதம் பண்ணினேன்.

அங்கே அவளுக்கு மேலே இருந்த சீனியர் டாக்டர் லீவில் போயிருந்த ஒரு நாள், காலை பதினோரு மணி இருக்கும், எனக்குப் போன் வந்தது. பேசியவர் தியேட்டரில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர். போனை இலக்கியாவின் காதருகே பிடித்திருந்தார்.

"மேடம், ஓப்பன் பண்ணிட்டேன். தல நல்லா எறங்கி இடுப்புல மாட்டிக்கிச்சு. எடுக்க வரல. ஹார்ட் பீட் கொறஞ்சிக்கிட்டே போவுது." அவள் குரல் ஒரு சின்னப் பெண்ணின் குரல்போல் கிறீச்சிட்டது.

"இதுக்கு முன்னாடி எப்படி எடுத்திருக்க?"

"எடுத்ததில்ல மேடம். பாத்ததும் இல்ல."

அந்தச் சமயத்தில் யார்மீதும் கோபப்பட நேரம் கிடையாது. ஒரு சிஸ்டரைக் கீழே போய்த் தலையை மேலே தள்ளச் சொல், நீ காலைத் தேடிப் பிடித்து வெளியே கொண்டுவா என்று சொன்னேன். சொல்லிக் கொடுத்தபடி செய்தாள். ஆனால் போனில் கேட்டு, புரிந்து, கையை உள்ளே விட்டுத் தேடி எடுக்கிற வரை குழந்தை காத்திருக்குமா? வெளியே வந்தபோது அழவில்லை. குழந்தைகள் டாக்டர் ஒரு பக்கம் அதற்கு மூச்சு வரவழைக்கப் போராடிக்கொண்டிருந்தது எனக்குப் போனில் கேட்டது.

"மேடம், ஓரத்துல கிழிஞ்சிடுச்சு. ரத்தம் நிக்கல. கர்ப்பப்பைய எடுத்துரட்டுமா?"

இது இன்னொரு நெருக்கடி. இருபத்திரண்டு வயதுப் பெண், முதல் பிரசவம். கர்ப்பப்பையை எடுப்பது என்பது இலக்கியா ஒரு முறைகூடச் செய்து பார்க்காத ஆபரேஷன். அவள் பயத்தில் கேட்கிறாள், கை தெரிந்து கேட்கவில்லை என்பது எனக்குப் புரிந்தது. அவளை எடுக்கச் சொன்னால் அந்தப் பெண் மேஜையிலேயே போய்விடுவாள். எடுக்காதே என்று சொல்லி, நான் போய்ச் சேருவதற்குள் ரத்தம் போய்விட்டாலும் அதே முடிவுதான்.

"எதையும் வெட்டாத. பஞ்சுப் பேட வெச்சு ரெண்டு கையாலயும் அழுத்திப் பிடி. கைய எடுக்காத. ரத்தம் ஏத்தச் சொல்லு. நான் வர்றேன்" என்றேன்.

"எவ்வளவு நேரம் மேடம்?"

"வர்ற வரைக்கும்."

வழக்கமாக வரும் டாக்ஸிக்காரர் பக்கத்துத் தெருதான், உடனே வந்துவிட்டார். அறுவடைக் காலம். வாய்க்கால் ஓரமாகப் போகிற சாலையில் பாதியை அடைத்து நெல்லைக் கொட்டிக் காயவைத்திருந்தார்கள். எதிரே அறுவடை இயந்திரம் ஒன்று ஆடி அசைந்து வந்தது. டாக்ஸிக்காரர் ஓரமாக நிறுத்திவிட்டார். அவரும் விவசாய வீட்டுக்காரர்.

"நெல்லு மேல ஏத்துங்க" என்றேன்.

"அம்மா, பச்ச நெல்லும்மா, நசுங்கிடும்."

"ஏத்துங்கங்கிறேன்!"

ஏற்றினார். நெல் கிளறிக்கொண்டிருந்த பெண்மணி கையிலிருந்த துடைப்பத்தை ஓங்கிக்கொண்டு, எங்கள் பரம்பரையையே இழுத்துத் திட்டியது பின்னால் கேட்டது. அந்தத் திட்டு எனக்கு வேண்டியதுதான், காரணம் மட்டும் வேறு.

ஓய்வு பெற்றவள் அரசு ஆஸ்பத்திரியில் கத்தி பிடிக்கலாமா என்று அன்று யாரும் கேட்கவில்லை. தியேட்டருக்குள் போனபோது, நான் சொன்ன இடத்தில், சொன்னபடியே, இரண்டு கைகளாலும் அழுத்திக்கொண்டு நின்றாள். முக்கால் மணி நேரம். வியர்வை முகமூடியை நனைத்துக் கழுத்தில் வழிந்தது. நான் கிழிந்த இடத்தைப் பார்த்துவிட்டு, "இப்பக் கைய எடு" என்றேன். அவள் விரல்கள் மரத்துப்போய்விட்டதால் எடுக்க முடியவில்லை. நான்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டேன்.

தைக்க எனக்குப் பத்து நிமிஷத்துக்குமேல் ஆகவில்லை. அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. ஒரே ஒரு முறை யாராவது பக்கத்தில் நின்று அவளைச் செய்யவைத்திருந்தால், அவளே பத்து நிமிஷத்தில் முடித்திருப்பாள். அந்தக் கைக்கு அது ஒரு வேலையே இல்லை.

தாய் பிழைத்துக்கொண்டாள். கர்ப்பப்பையும் தப்பியது. குழந்தையை நூற்றெட்டு ஆம்புலன்ஸில் தஞ்சாவூருக்கு அனுப்பினோம். மூன்றாம் நாள் காலையில் இறந்துவிட்டது என்று செய்தி வந்தது. ஆண் குழந்தை.

அன்று நான் அந்தப் பெண்ணைப் பார்க்கப் போயிருந்தேன். இலக்கியா அவள் கட்டிலருகே நின்று பி.பி. பார்க்கத் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அழுது ஓய்ந்த பெண் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவளுடைய மாமியார் தரையில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், நடவுக்கும் களைபறிக்கவும் போகிறவர். கட்டிலுக்கு அடியில் அவருடைய வயர் கூடை, பிளாஸ்க், தட்டு, பாய். அதைப் பார்த்த பிறகுதான், வேறொரு வார்டில் கட்டில்களுக்கு அடியில் எதுவுமே இல்லாமல் இருந்தது என் நினைவுக்கு வந்தது. என்ன என்று புரியாமலே ஏதோ உறுத்தியது.

"எந்த ஊரும்மா?" என்று கேட்டேன்.

சொன்னார். அந்தத் தனியார் கல்லூரிக்கு ஒரு மைல்கூட இல்லாத ஊர்.

"அவ்வளவு பக்கத்துல அம்மாம் பெரிய ஆஸ்பத்திரி இருக்கே. ஏன் இவ்வளவு தூரம் தூக்கிக்கிட்டு வந்தீங்க?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். விவரம் தெரியாத ஆளைப் பார்க்கும் பார்வை.

"அங்கயா? அங்க நாங்க படுக்கத்தாம்மா போவோம். வைத்தியத்துக்குப் போவமாட்டோம்."

"படுக்கவா?"

"ஆமாம்மா. இன்சுபெக்சன்னு வருவாங்கள்ல. முந்துன நாளும் அன்னைக்கும் பஸ்ஸு அனுப்புவாங்க. எங்க தெருவுலேர்ந்து பத்துப் பேரு போவோம். நல்ல மெத்த, மத்தியானம் சோறு. சாயங்காலம் கொண்டாந்து வுட்ருவாங்க. மத்த நாள்ல அங்க டாக்டரு எங்க இருக்காங்க? மொகத்த அட்டெண்டன்சு மெசின்ல காட்டிட்டுப் போயிருவாங்கன்னு கூட்டுற பொம்பளைங்க சொல்லுவாங்க. புள்ள பொறக்குறதுக்கு அங்க எவளாவது போவாளா? அங்க படிக்கிற பொண்ணுங்களுக்குக் கைபாகமே வராதும்மா, பாவம். அதாம்மா எங்க வூட்டுக்காரரு, தூரமாருந்தாலும் கெவுருமெண்டுக்கே போயிருவோம்னுட்டாரு."

பி.பி. பார்க்கிற துணி இலக்கியாவின் கையில் அப்படியே நின்றுவிட்டது. நான் அவளைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை. அங்கே போனால் ஆபத்து என்று அந்தத் தெருவே சேர்ந்து முடிவெடுத்து, அந்தப் பெண்ணைக் காப்பாற்றுவதற்காக இவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்கிறது. இங்கே அவளை மேஜையில் ஏற்றியது, அங்கேயே மூன்று வருஷம் படித்துவிட்டு வந்த பெண்.

அந்த அம்மா தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார். பேசினால் துக்கம் கொஞ்சம் தள்ளிப்போகும் என்று பேசுகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

"போன தடவ எனக்குக் கேசு சீட்டு எழுதுன பொண்ணு நல்ல பொண்ணும்மா. மொகத்துல துணி கட்டியிருந்துச்சு. உங்களுக்கு வயித்து வலின்னு எழுதுறேன், யாராச்சும் கேட்டா அப்புடியே சொல்லிருங்கன்னு சொல்லிக்குடுத்துச்சு. ஒரு நாளைக்கு எத்தன பேருக்குடி எழுதுவேன்னு கேட்டேன். இதாம்மா எங்க படிப்புன்னுச்சு."

"நாந்தாம்மா அது" என்றாள் இலக்கியா.

அந்த அம்மா அவளை உற்றுப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவருக்கு அதில் திட்ட என்ன இருக்கிறது என்று விளங்கவில்லை போலும். "அந்தப் பொண்ணா நீ? எளச்சுட்டியே" என்றார். இலக்கியா துணியைச் சுற்றிப் பி.பி. பார்த்து, எண்ணைக் கேஸ் ஷீட்டில் எழுதினாள். அந்த வார்டில் நான் பார்த்தது போன்ற அதே அழகான கையெழுத்து. அந்த வியாழக்கிழமையும் வெள்ளிக்கிழமையும் எனக்குப் புரிந்தது அப்போதுதான்.

அடுத்த மாதமே அவள் வேலையை விட்டுவிட்டாள். நான் தெரிந்தவர்களிடமெல்லாம் பேசி, அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் ஒரு வருஷம் கூட நின்று பழக ஏற்பாடு செய்தேன். முன்பு செய்யாமல் விட்ட போன்களையெல்லாம் அப்போது செய்தேன். "வேணாம் மேடம், கத்தி எடுத்தா அந்தக் கை மரத்துப் போனதுதான் ஞாபகம் வருது" என்று சொல்லிவிட்டாள். இப்போது ஒரு ஸ்கேன் சென்டரில் உட்கார்ந்து நாள் பூரா கர்ப்பிணிகளின் வயிற்றில் கருவியை உருட்டுகிறாள். பார்த்தால் சிரிப்பாள். "நல்லா இருக்கீங்களா மேடம்?" என்பாள். சேரலாம் என்று நான்தான் சொன்னேன் என்று ஒரு நாள்கூடக் குத்திக்காட்டியதில்லை. அவள் அப்பாவைக் கடைத்தெருவில் பார்த்தால் நான் எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறேன்.

எனவே என்னிடம் கேட்காதீர்கள். எந்தப் பேராசிரியரிடமும் கேட்காதீர்கள். சொல்லிவிட்டும் போகாதீர்கள். ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை டவுன் பஸ் ஏறி அந்த ஆஸ்பத்திரி வாசலில் இறங்குங்கள். வெள்ளைக் கோட்டைப் பையில் வைத்துவிடுங்கள். வார்டுக்குள் நுழைய முடிந்தால் கட்டிலுக்கு அடியில் குனிந்து பாருங்கள். முடியாவிட்டால் வெளியே வந்து, பஸ் நிறுத்தத்தில் நடவுக்குப் போகிற பெண்கள் யாராவது நிற்பார்கள், அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்க மருமகளுக்குப் பிரசவம்னா இங்க கொண்டாருவீங்களா?"

அவர்கள் சிரித்தால், அடுத்து வருகிற பஸ்ஸில் ஏறிவிடுங்கள்.